சனி மூலையில் ஒரு பானை

கடப்பாரையைத் தோளில் சாத்திக்கொண்டு தங்கப்பழம் தன் உப்பளத்துக்குள் இறங்கியபோது மணி பன்னிரண்டே முக்கால் இருக்கும். உப்பு வாரும் பெண்கள் பதினோரு மணிக்கே கை கால் கழுவிப் போய்விட்டார்கள், இனி நாளை விடியற்காலைதான் வருவார்கள், இந்த நேரத்தில் தருவைமேட்டு அளங்களில் ஈ காக்கை இருக்காது என்று தெரிந்துதான் வந்திருந்தார், ஆனாலும் இரண்டு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். ஐம்பத்தெட்டு வயதில் சொந்த அளத்துக்குள் திருடனைப் போல நுழைய வேண்டியிருக்கிறது. யாராவது கேட்டால் மதகுப் பலகை சரிந்துவிட்டது, தூக்கிக் கட்ட வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். மதகுப் பலகைக்குக் கடப்பாரை எதற்கு என்று கேட்டால்? கேட்க மாட்டார்கள். அவனவன் அளத்து மூலையில் அவனவன் எதைப் புதைத்து வைத்திருக்கிறானோ, கேட்கிற வாய் எவனுக்கு இருக்கிறது. வெயில் மேலேயிருந்து அடிப்பது போதாதென்று கீழேயிருந்தும் அடித்தது; பாத்திக்குப் பாத்தி வெள்ளை, கண்ணைச் சுருக்கினாலும் வெள்ளை, மூடினால் சிவப்பு. கடைசிப் பாத்தியில் தண்ணீர் முற்றி ரோஸ் நிறமாக நின்றது. காற்று நின்றுபோயிருந்ததால் உப்பு விளைகிற சத்தம் கேட்டது. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். உச்சி வேளையில் காது கொடுத்தால் தூரத்து அடுப்பில் நெல் பொரிகிற மாதிரி பொடிப்பொடியாக ஒன்று கேட்கும். முப்பத்தைந்து வருஷமாகக் கேட்டுப் பழகினது. இன்றைக்கு என்னவோ அவர் நடக்கும்போது கேட்டது, நின்றால் நின்றது. நின்று பார்த்தார், நடந்து பார்த்தார். பிறகு நமக்குப் பித்துதான் பிடித்திருக்கிறது என்று வரப்பின் மேல் ஏறிக்கொண்டார்.

நேற்றுச் சாயங்காலம் கனி போனில் பேசினதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. கனி என்கிற செல்வக்கனி அவருடைய ஒரே மகள். மேற்கே நாற்பது கிலோமீட்டரில், மேலக்கரிசல்பட்டியில், மானம் பார்த்த பூமிக்காரன் வீட்டில் கட்டிக் கொடுத்திருந்தார். கல்யாணப் பந்தியிலேயே ஒருவர் கேலி பேசினார், அப்பன் மழை வரக் கூடாதென்று கும்பிடுவான், மகள் மழை வர வேண்டுமென்று கும்பிடுவாள், சாமி யார் பக்கம்தான் காது கொடுக்கும் என்று. எல்லாரும் சிரித்தார்கள். தங்கப்பழமும் பாயசத்தைக் குடித்துக்கொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் வாய் கசந்தது. மூன்று வருஷமாக அங்கே மழை இல்லை. மூன்று வருஷமும் மருமகன் அய்யாத்துரை புழுதியில் விதைத்தான். மழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக் காத்திருக்கிற விதைப்பு அது, கரிசல்காட்டில் அப்படித்தான். முதல் வருஷம் விதையை எறும்பு இழுத்துக்கொண்டு போனது. அடுத்த வருஷம் மயில் கிளறியது. போன வருஷம் ஒரே ஒரு தூற்றல் விழுந்து முளைத்தது, முளைத்ததெல்லாம் பத்தாம் நாள் கருகியது. இப்போது மிச்சமிருப்பது ஒரு மூட்டை உளுந்து விதை. "போடவா வேண்டாமான்னு ஒரு மாசமா அந்த மூட்டையவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காருப்பா, சாப்பிடக் கூப்பிட்டாலும் எந்திரிக்க மாட்டேங்காரு" என்றாள் கனி. "போடலன்னா அரைச்சுத் தின்னுட்டு, வீட்டப் பூட்டிட்டுத் திருப்பூருக்குப் போயிருவோம், இந்த மண்ணுப் பக்கமே தலவச்சுப் படுக்கக் கூடாதுங்காரு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எப்பா, ஒண்ணு கேப்பேன், வையக் கூடாது. நீங்க பானை வச்சுக் கட்டுனியளா? அம்மா சொல்லிட்டா." அவர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். "அவருட்டயும் சொல்லிட்டேன். கோவமே வரலப்பா. சிரிச்சாரு. மூணு வருசம் கழிச்சுச் சிரிச்சாரு. மாமா கட்டுனதுதானா, அப்ப மாமாவே அவுத்து விடட்டும், நான் விதைக்கேன்னாரு. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள எடுத்துருவியளாப்பா?" கோபப்பட்டிருக்கலாம். நாலு வார்த்தை நாண்டுகொள்கிற மாதிரி கேட்டிருக்கலாம். சிரித்தானாமே, அதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டு கிடந்தது.

தருவைமேட்டில் மழை கட்டுவது உண்டா என்று யாரைக் கேட்டாலும் அதெல்லாம் அந்தக் காலம் என்பார்கள், சொல்லும்போதே கண் சனி மூலைக்குப் போய்வரும். வடகிழக்கைத்தான் சனி மூலை என்பது. ஐப்பசி மழை மின்னிக்கொண்டு கிளம்புகிற மூலை. புதுப் பானையில் முதல் வாரலில் எடுத்த உப்பைத் தலைதட்ட நிரப்பி, வாய்க்கு வேட்டிக் கிழிசலைக் கட்டி, அளத்தின் சனி மூலையில் முழங்காலளவு குழி தோண்டிக் கவிழ்த்து மூட வேண்டும். மூடி முடிக்கிற வரைக்கும் அண்ணாந்து பார்க்கக் கூடாது. குவித்த உப்பெல்லாம் லாரி ஏறினதும் தீபாவளிக்குள் எடுத்துவிட வேண்டும், கட்டின கையே எடுக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை அம்பாரம் அம்பாரமாக உப்பு திறந்து கிடக்க, கிழக்கே அடுப்புக்கரி மாதிரி மேகம் ஏறிவந்தபோது அவர் கட்டினார். பானையைத் தந்தது சொர்ணம்தான், அவருடைய சம்சாரம், பொங்கலுக்கென்று வாங்கி வைத்திருந்த பானை. மேகம் கலைந்தது. உப்பு போய்ச் சேர்ந்தது. அத்தோடு எடுத்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை. ஆனால் ஐப்பசி பிறந்தும் பாத்தியில் உப்பு விளைந்தது, எந்தக் காலத்தில் ஐப்பசியில் உப்பு வாரியிருக்கிறோம் என்று ஊரே பல்லைக் காட்டிக்கொண்டு வாரியது, இன்னும் பத்து நாள் கிடக்கட்டுமே என்று தோன்றியது. யாருக்குத் தோன்றாது? எல்லாருக்கும்தான் தோன்றும். ஆனால் பானை எல்லாருடையதுமா? "எடுக்கலியா?" என்றாள் சொர்ணம். "எடுப்போம் எடுப்போம்" என்றார். கார்த்திகையிலும் சொன்னார். மார்கழியில் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். தீபாவளி தாண்டின பிறகு எடுத்தால் என்ன ஆகுமோ என்று ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது, தாண்டத் தாண்ட பயமும் பெருத்தது, கடைசியில் அந்த மூலைப் பக்கம் நடப்பதையே நிறுத்திக்கொண்டார். மறந்துவிட்டேன் என்று சொர்ணத்திடம் சொல்லிப் பார்த்தார். மறக்கிற காரியமா அது. படுத்தால் முதுகுக்குக் கீழே பானை இருப்பது போல உறுத்தியது.

அதோடு போயிருந்தாலும் மனசைத் தேற்றிக்கொண்டிருப்பார், போன பங்குனியில் அந்தக் காலேஜ் பிள்ளை வந்து மேலும் குழப்பிவிட்டாள். பாத்தித் தண்ணீரைச் சின்னச் சின்னக் குப்பிகளில் பிடித்துக்கொண்டு போக வந்தவள். மழை ஏன் வரவில்லை என்று இவர்தான் வாயைக் கொடுத்தார். அவள் போனில் ஒரு படம் காட்டினாள். உலகம் முழுக்கத் தட்டையாக விரித்துப் போட்டிருந்தது, நடுவில் பெரிய கடலில் நீலமாக ஒரு நாக்கு நீண்டிருந்தது. எங்கேயோ பத்தாயிரம் மைலுக்கு அப்பால் அந்தக் கடல்தண்ணீர் வழக்கத்தைவிடக் குளிர்ந்துவிட்டதாம், அப்படிக் குளிர்ந்தால் நம் பக்கத்து ஐப்பசி மழை பெரும்பாலும் மெலிந்துபோகுமாம். அதற்கு லா நினா என்று பேராம். சின்னப் பொண்ணு என்று அர்த்தமாம். "அத யாராலயும் நிறுத்த முடியாதா தாயி?" என்று கேட்டார். "மனுசங்களால உலகத்தச் சூடாக்க முடிஞ்சிருக்கு அய்யா, அது வேற கதை. ஆனா இந்தச் சுத்து நம்ம கைக்கு அடங்குறதில்ல. வரும், போகும். இந்தத் தடவை மூணு வருசமா போகாம உக்காந்திருக்கு, அதுதான் ஆச்சரியம்" என்றாள். "எந்த மாசம் ஆரம்பிச்சுது?" "செப்டம்பர் அக்டோபர் வாக்குல." புரட்டாசி. அவள் குப்பியை மூடிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள், அவருக்குத்தான் காதை அடைத்துக்கொண்டது. நம் கைக்கு அடங்காது என்று படித்த பிள்ளை சொல்கிறாள். கையால் கட்டினவன் எதிரே நிற்கிறான், அவளுக்குத் தெரியவில்லை. ஒரு பானை உப்புக்கு அவ்வளவு பெரிய கடல் குளிருமா? குளிராது, எந்த மடையனும் சொல்வான். ஆனால் வந்து போகிற வழக்கம் உள்ளது போகாமல் ஏன் உட்கார்ந்திருக்கிறது, அதை அவளாலும் சொல்ல முடியவில்லையே. அன்றிலிருந்து கண்ணை மூடினால் ஒரு சின்னப் பெண் தெரிந்தாள். நடுக்கடலில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருப்பாள், முகம் தெரியாது, ஈரப் பாவாடை மிதக்கும், கையில் ஒரு கயிற்று நுனி இருக்கும். எந்திரிம்மா என்றால் எந்திரிக்க மாட்டாள். கயிற்றின் இந்த நுனி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

மதகிலிருந்து பதினோரு எட்டு. அன்றைக்கு எண்ணி வைத்தது. வெட்டுப்பட்ட உடைமரத்து அடிமூட்டுக்கு நேரே வர வேண்டும். எண்ணிக்கொண்டு நடந்தார், ஒன்பதாவது எட்டிலேயே செஞ்சரள் ரோட்டு விளிம்பு வந்துவிட்டது. லாரி வருவதற்கென்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் வைகாசியில் வரப்பை அகலப்படுத்திச் சரள் கொட்டின ரோடு. தப்பாக எண்ணியிருப்பார். அன்றைக்கு எட்டுச் சின்னதாக வைத்திருப்பார், கையில் பானை இருந்ததே, பாரத்தோடு நடக்கிறவன் எட்டு சின்னதாகத்தான் இருக்கும். ஒன்பதாவது எட்டுக்கு உள்ளேயே கடப்பாரையைப் போட்டார். மேலே உப்புப் பொருக்கு, கீழே கறுத்த களி, அதற்கும் கீழே ஈரம். ஒன்றுமில்லை. ஒரு முழம் தள்ளிப் போட்டார். அங்கேயும் இல்லை. நிமிர்ந்தபோது கிழக்கே அந்த மேகம் நின்றிருந்தது. ஆடி மாசத்திலிருந்து தினமும் வருகிறது, உள்ளங்கை அகலம்தான் இருக்கும், கடலுக்கு மேலே ஒரே இடத்தில் நிற்கும், வாசல் வரைக்கும் வந்துவிட்டுக் கூப்பிடக் கூச்சப்படுகிற ஆள் மாதிரி. கொஞ்ச நேரத்தில் பார்க்கும்போது இருக்காது. வேறு யாரும் அதைப் பார்த்ததாகச் சொன்னதில்லை, அவரும் யாரிடமும் கேட்டதில்லை. இதோ எடுத்துவிடுகிறேன் என்று அதைப் பார்த்து வாய்விட்டே சொன்னார், சொல்லிவிட்டு மறுபடியும் எண்ணி நடந்தார். பத்து. பதினொன்று. பதினோராவது எட்டு ரோட்டுக்கு மேலேயே விழுந்தது. உடைமரத்து மூடும் நேரே இருந்தது. இனி எதையும் சாக்குச் சொல்ல முடியாது.

சரளைப் பெயர்ப்பதற்குள் நாக்கு வறண்டுவிட்டது. லாரி ஏறி ஏறி இறுகிப்போன சரள், ஒவ்வொரு குத்துக்கும் பொறி பறந்தது. ஒரு சாண் இறங்கினதும் கடப்பாரை நுனியில் மண்ணின் ஓசை மாறியது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையால் அள்ளினார். ஓடு. பானையின் அடிப்பக்கத்துத் துண்டு. இன்னொன்று. இன்னொன்று. தன் கடப்பாரைதான் உடைத்துவிட்டதோ என்று முதலில் பதறினார், பிறகு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். உடைந்த ஓரங்களில் உப்பு வளர்ந்திருந்தது. அப்பிக்கொண்ட உப்பு இல்லை, வளர்ந்த உப்பு. விரல் பருமனுக்குக் கட்டம் கட்டமாக, கண்ணாடி போல. எந்த உப்பு எத்தனை நாளில் எவ்வளவு வளரும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. துண்டுகளுக்கு இடையில் செஞ்சரள் இறங்கி இறுகியிருந்தது. சரள் கொட்டின அன்றைக்கே, ரோலர் ஏறின அன்றைக்கே நொறுங்கிவிட்டிருக்கிறது. அன்றைக்கு அவரும்தான் இங்கே நின்றார். இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி ஓட்டப்பா என்று டிரைவருக்குக் கைகாட்டினதே அவர்தான். அப்போது பானையின் நினைப்பு வந்தது, வந்தும் வாயைத் திறக்கவில்லை. கட்டி எட்டே மாசத்தில் பானை போய்விட்டது. அதற்குப் பிறகு இரண்டு ஐப்பசி வந்து போயிருக்கிறது, பானை இல்லாமலே மழையும் இல்லாமல்.

அப்பாடா என்றது மனசு. நான் இல்லை. மூன்று வருஷமாக முதுகுக்குக் கீழே உறுத்தியது நானில்லை, நகை அடகுக்குப் போய்க் கனியின் கழுத்து வெறுமையாகக் கிடப்பது நானில்லை, அய்யாத்துரை சோற்றுத் தட்டைத் தள்ளிவைப்பது நானில்லை. அழுகைகூட வந்தது. ஆனால் அந்த அப்பாடா பாதியிலேயே நின்றுபோனது. கட்டினவன் நானில்லை என்றால் அவிழ்க்கிறவனும் நானில்லையே. குழிக்குள் மறுபடியும் கையை விட்டார். வேறு பானை இருக்குமோ, இதற்கும் கீழே இருக்குமோ, யாராவது ஒருத்தனுடையது முழுசாக இருக்குமோ என்று நகக்கண் கிழியத் தோண்டினார். பக்கத்து அளத்துக்காரன் புதைத்தது இருந்தால்கூடப் போதும். அவன் காலைப் பிடித்து எடுக்கச் சொல்லலாம். ஒரு எதிரி இருந்தால் போதும். ஈரக் களி வந்தது, தண்ணீர் ஊறியது, அவ்வளவுதான். ஒருவேளை உடைந்த பானை இன்னும் இறுக்கிக் கட்டுமோ, முடிச்சு இருந்தால்தானே அவிழ்க்கலாம், முடிச்சே தொலைந்துபோனால்? அந்த நினைப்பில் கொஞ்ச நேரம் ஒண்டிக்கொண்டார், அதுகூட ஆறுதலாக இருந்தது, அதிலாவது தன் கை இருந்தது. பிறகு அதுவும் நழுவியது. நடுக்கடலில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் கயிறு இல்லை. எப்போதுமே இருந்ததில்லை. அவளுக்குத் தருவைமேடு என்று ஒரு ஊர் இருப்பதே தெரியாது, தங்கப்பழம் என்று ஒருத்தன் பயந்து செத்துக்கொண்டிருப்பது தெரியாது, ஒரு மூட்டை உளுந்து தெரியாது. எந்திரிக்கத் தோன்றினால் எந்திரிப்பாள். இத்தனை நாளும் அவர் அவளுக்குப் பயந்ததாகத்தான் நினைத்திருந்தார். இப்போதுதான் பயம் என்றால் என்னவென்று தெரிந்தது. உச்சி வெயிலில் பல் கிட்டியது. பாத்திகளில் பொரிகிற சத்தம் அவர் நடக்காமலே கேட்டுக்கொண்டிருந்தது.

சட்டைப் பையில் போன் அடித்தது. கனிதான். சேற்றுக் கையோடு எடுத்தார்.

"எப்பா. எடுத்துட்டியளா?"

உண்மையைச் சொல்ல வாய் திறந்துவிட்டது. பானை உடைஞ்சு ரெண்டு வருசமாச்சும்மா, என்னால ஒண்ணும் இல்ல. சொன்னால் பழி போகும். சொன்ன மறு நிமிஷம் அந்த மூட்டை மாவாகும், வீட்டுக்குப் பூட்டு விழும், அவன் மறுபடியும் சிரிக்க மாட்டான். சொல்லாவிட்டால் அது புழுதிக்குள் போகும், கடைசி விதை, பிறகு எறும்போ மயிலோ வெயிலோ, அதற்குப் பிறகு திருப்பூருக்குப் போவதற்கும் அவனிடம் தெம்பு இருக்குமோ இருக்காதோ. எது நல்லது என்று யாரையாவது கேட்க வேண்டும்போல் இருந்தது. வெள்ளையாக விரிந்து கிடந்த அளத்தில் ஒரு ஆள் இல்லை.

"எப்பா? கேக்குதா?"

"எடுத்துட்டேன்" என்றார்.

"முழுசா இருந்துச்சா?"

"முழுசா இருந்துச்சும்மா."

அவள் போனை வாயிலிருந்து விலக்கிக்கொண்டு உள்ளே பார்த்துச் சத்தம் போட்டாள். "ஏங்க, எடுத்துட்டாவளாம்." கட்டில் கிரீச்சிட்டது. யாரோ வேகமாக நடந்து வந்தார்கள். போன் கைமாறியது. ஆடு விற்ற அன்றைக்குப் பேசினதுதான் கடைசி, எட்டு மாசத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டார்.

"மாமா."

"சொல்லுங்க மாப்ள."

"டிராக்டருக்குச் சொல்லிட்டேன் மாமா. நாளைக்கு விடியமுன்ன விதைச்சிருதேன்."

"நல்லது மாப்ள. சாப்பிட்டியளா?"

"இனிமத்தான். கனி சோறு போட்டுட்டா." சேற்றில் ஊறின தண்ணீர் குழிக்குள் ஏறிக்கொண்டிருந்ததைத் தங்கப்பழம் பார்த்துக்கொண்டிருந்தார். "மாமா, ஒண்ணே ஒண்ணு. மூணு வருசத்து மழைல்லா அது, எடுத்த எடுப்புல மொத்தமா விட்ராதிய. வெத அடிச்சிட்டுப் போயிரும். மொத ரெண்டு நாளைக்குத் தூத்தலா விடுங்க, மொளைக்கட்டும். பெறவு நான் சொல்லுதேன்."

கேலி பண்ணுகிறானோ என்று காதை இன்னும் அழுத்திக் கேட்டார். கேலி இல்லை. தண்ணீர் முறைக்காரனிடம் மடை திறக்கச் சொல்லுகிற மாதிரி, மரியாதையாக, நம்பிக்கையாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தான்.

"சரி மாப்ள" என்றார் தங்கப்பழம். "தூத்தலாவே விடுதேன்."